உப்பளக் கரையில் லுத்தரன் சபை: விசுவாசமும் பணியும் புதுப்பிக்கப்படும் வழி



சபை சோர்ந்துபோயிருக்கிறது என்ற பேச்சு இன்று லுத்தரன் சேகரங்கள் பலவற்றில் கேட்கிறது. ஆராதனைக்கு வருவோர் குறைகிறார்கள், வாலிபர்கள் வேறு கூடுகைகளைத் தேடிப் போகிறார்கள், மிஷன் என்ற சொல் பழைய வெள்ளைக்காரர்களின் கல்லறையோடு நின்றுவிட்டது என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். இதற்கு நமக்குக் கைவந்த மருந்து ஒன்று உண்டு. பந்தல் போட்டு, வெளியூர்ப் பிரசங்கியாரை அழைத்து, மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்துகிறோம். அந்தக் கூட்டங்களில் மனம் திரும்பியவர்கள் உண்டு. அவற்றை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் நான்காம் நாள் பந்தல் பிரித்த பிறகு சபையாரின் வாழ்க்கையில் எது மாறியிருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இல்லை. இன்று நான் நிலைநாட்ட விரும்புவது ஒரே ஒரு கருத்து. சபையார் பிழைக்கும் தொழிலுக்குள்ளும், படும் கடனுக்குள்ளும், சுமக்கும் அவமானத்துக்குள்ளும் விசுவாசம் இறங்கும்போதுதான் சபை புதுப்பிக்கப்படுகிறது. அப்படி இறங்கிய காலங்களில் நம் திருச்சபை வளர்ந்தது. இறங்க மறுத்த காலங்களில் தேங்கியது. இந்தச் சோழமண்டலக் கரையின் முந்நூறு ஆண்டு வரலாறே இதற்குச் சாட்சி.

முதலில் நாம் நிற்கும் இடத்தைப் பார்ப்போம். மரக்காணத்து உப்பளத்தில் வேலை வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் தொடங்கும். மழையில் கரைந்த வரப்புகளைக் கட்டி, பாத்தியின் தரையை மிதித்து இறுக்கி, உப்புத் தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றிக் காயவிட வேண்டும். கடல் தண்ணீரின் உப்புச் செறிவு ஏறக்குறைய மூன்று டிகிரி இருக்கும். வெயிலில் வற்றி வற்றி அது இருபத்தைந்து டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கிறது. பிறகு பலகையால் வாரி, வரப்பில் குவித்து, வடியவிட்டு, தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரம் கட்டுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் வாரிவிட வேண்டுமென்பதால் இருட்டோடு இறங்குகிறார்கள். வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. உப்புத் தண்ணீர் காலில் புண்ணை ஆறவிடாது. ஐப்பசி மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் முன்பணமும் கடனும்தான் அடுப்பெரிக்கின்றன. தமிழக அரசு 2022 முதல் மழைக்காலத்துக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருவதே, அந்த மாதங்களின் வறுமையைப் பொது நிர்வாகம் ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படியொரு மழைக்குப் பிறகு பாத்தி எது, வரப்பு எது என்று தெரிவதில்லை.

இந்த ஆண்டுச் சக்கரத்தையும் சபையின் ஆண்டுச் சக்கரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புது உடுப்பும் பலகாரமும் எதிர்பார்க்கப்படும் கிறிஸ்துமஸ், கூலி ஒரு ரூபாய்கூட வராத மாதத்தில் வருகிறது. ஒடுங்கி அமர்ந்து தியானிக்கச் சொல்லும் லெந்து நாட்கள், வேலை மும்முரமாகும் வேளையில் வருகின்றன. ஞாயிறு காலை ஆராதனை மணி அடிக்கும் நேரத்தில் கூலிக்காரர் பாத்தியில் நிற்கிறார். விளைந்த உப்பு கிழமை பார்த்துக் காத்திருக்காது. மலைப்பிரசங்கத்தின் உப்பு உவமையை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அந்த உப்பை வாருகிறவரின் கால் புண்ணுக்காகவோ, நியாயமான கூலிக்காகவோ, வரப்பு உடையாமல் இருக்கவோ நம் பொது ஜெபத்தில் எத்தனை முறை வேண்டியிருக்கிறோம்? வருகை குறைவதைப் பக்திக் குறைவு என்று பெயரிடுமுன், சபையின் நேரமும் சொல்லும் யாருடைய வாழ்க்கைக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டவை என்று கேட்க வேண்டும்.

இப்படிக் கேட்பது லுத்தரன் மரபுக்குப் புறம்பானதல்ல. அதன் நடு நரம்பே இதுதான். மார்ட்டின் லுத்தர் 1528இல் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிட்டார். சீர்திருத்தம் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் கழித்தும் மக்களுக்கு விசுவாசத்தின் அடிப்படை தெரியவில்லை, பல குருமாருக்கே கற்பிக்கத் தெரியவில்லை என்று கண்டு கலங்கினார். அடுத்த ஆண்டே சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு அன்றாடம் சொல்லிக்கொடுக்கும்படி எளிய கேள்வி பதிலாக அதை அமைத்தார். கர்த்தருடைய ஜெபத்தின் நான்காம் விண்ணப்பத்தில் வரும் அன்றாட ஆகாரத்துக்கு அவர் தரும் விளக்கத்தை நாம் திடப்படுத்தலுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். உணவு, உடை, வீடு, நிலம், பணம் ஆகியவற்றோடு நல்ல அரசாட்சி, நல்ல பருவநிலை, உடல் நலம், நல்ல அயலார் என எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் அவர் சேர்த்தார். கூலியும் மழையும் கடனும் ஜெபத்துக்குள் வர வேண்டியவை என்று ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. மடத்துத் துறவியின் பணிக்கும் தொழுவம் கூட்டும் பெண்ணின் பணிக்கும் கடவுள் முன்னே ஏற்றத்தாழ்வு இல்லை என்பதும் லுத்தர் விடாமல் போதித்த பாடம். அப்படியானால் உப்பு வாருகிறவரும் அழைப்புப் பெற்றவர்தான். அவர் ஆலயத்துக்கு வந்த பிறகு தொடங்குவதல்ல அவருடைய ஊழியம். பாத்தியில் இறங்கும்போதே அது தொடங்கிவிடுகிறது.

போதனை செயலான விதத்துக்கும் சான்று இருக்கிறது. சாக்சனியில் லைஸ்னிக் என்ற சிற்றூரின் சபையார் 1523இல் ஒரு பொதுப்பெட்டி ஏற்படுத்தினார்கள். அதன் விதிகளுக்கு லுத்தரே முன்னுரை எழுதி அச்சிட்டார். பெட்டியை நிர்வகிக்க ஆண்டுதோறும் பத்துப் பேர் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்: பிரபுக்கள் இருவர், நகரமன்றத்தார் இருவர், நகரவாசிகள் மூவர், கிராமத்து உழவர் மூவர். பெட்டிக்கு நான்கு பூட்டு. நான்கு தரப்பாரிடமும் ஒவ்வொரு சாவி. ஆண்டுக்கு மூன்று முறை சபை கூடிக் கணக்குக் கேட்க வேண்டும். போதகர் சம்பளம், பள்ளி, ஆதரவற்றோர், முதியோர் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே செலவு. தொழிலில் நொடித்த கைவினைஞருக்கு வட்டியில்லாக் கடனும் உண்டு. உழவனின் கையில் ஒரு சாவி இருந்ததைக் கவனியுங்கள். காணிக்கை போடுகிறவரே கணக்கையும் காவலையும் பகிர்ந்துகொண்டார். சபைக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு அந்தப் பெட்டி விடை சொன்னது.

இனி நம் கரைக்கு வருவோம். 1706 ஜூலை 9 அன்று ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும், அப்போது டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார்கள். மறு ஆண்டு மே மாதத்தில் அவர்கள் கொடுத்த முதல் ஞானஸ்நானத்தைப் பெற்றவர்கள் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமை வேலை செய்த ஐவர். அதே ஆண்டில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார்கள். சீகன்பால்கு மணலில் எழுதிப் பழகும் சிறுவரோடு அமர்ந்து தமிழ் எழுத்துக் கற்றார். ஏடுகளைத் திரட்டிப் படித்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. ஜனங்களின் மொழியையும் படிப்பையும் அடிமைத்தளையையும் தொட்ட பணி அது. அதன் பலனை இராசநாயக்கனில் காணலாம். தலித் சமூகத்தில் பிறந்த அவர் தஞ்சை மன்னர் படையில் சிப்பாய். ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை நாட்டுக்குள் தாராளமாக நுழைய முடியாத காலம். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்குப் போயிற்று. வாசித்தார், விசுவாசித்தார், தம் கூட்டத்தாருக்கும் சொன்னார், பிறகு உபதேசியாரானார். மிஷனரி போக முடியாத இடத்தில் சபையை எழுப்பியவர் ஒரு சிப்பாய்.

இப்படிப்பட்டவர்கள் பலர். கடலூரில் பிறந்த ஆரோன் 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். தமிழரில் முதல் லுத்தரன் குருவானவர் இந்தக் கரையின் பிள்ளைதான் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? பாளையங்கோட்டையில் ராச கிளாரிந்தா என்ற விதவைப் பெண் 1778இல் மிஷனரி ஸ்வார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்று, அங்கிருந்த சபையைத் தாங்கி வளர்த்து, ஆலயமும் எழுப்பினார். 1785இல் ஸ்வார்ட்ஸ் அதைப் பிரதிஷ்டை செய்தார். மிஷன் வரலாற்றை வெள்ளையர் பெயர்களால் மட்டும் சொல்லிப் பழகியதால், சபையைப் பரப்பிய பெருங்கூட்டம் உபதேசியார்களும் கூலிக்காரர்களும் பெண்களும்தான் என்பதை மறந்துவிட்டோம். விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர் என்ற லுத்தரன் கொள்கை அவர்களில் நடைமுறையாயிற்று. இன்று அது திடப்படுத்தல் பாடத்தில் ஒரு பதிலாக மட்டும் இருக்கிறது.

ஆனால் இதே வரலாறு நம் தோல்வியையும் பதிவு செய்திருக்கிறது; அதை மறைத்துப் பேசினால் புதுப்பித்தல் பொய்யாகிவிடும். ஆரோனுக்குப் பின் இரண்டாவது தமிழ்க் குருவானவரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு வந்தபோது இராசநாயக்கன் பெயரும் எழுந்தது. அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்ற காரணத்தால் அவர் விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக 1741இல் தியோகு என்பவர் குருப்பட்டம் பெற்றார். இராசநாயக்கன் 1771இல் இறக்கும் வரை உபதேசியாராகவே இருந்தார். கிருபையால் மட்டுமே மீட்பு என்று போதித்த சபை, பிறப்பை வைத்து ஒரு கையைத் தள்ளியது. நூறு ஆண்டு கழித்தும் காயம் ஆறவில்லை. சாதி வேறுபாட்டைச் சபைக்குள் பொறுத்துப்போகலாமா என்ற கேள்வியில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறிய மிஷனரி கார்ல் ஓக்ஸ், 1860களின் தொடக்கத்தில் கடலூர் அருகே பட்டாம்பாக்கத்தில் புதிய பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷனரி சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. அந்தப் பணியிலிருந்தே இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை வளர்ந்தது. மரக்காணத்துக்குத் தெற்கே இந்த வட்டாரத்தில் பரவிய லுத்தரன் திருச்சபை, சாதியோடு சமரசம் செய்ய மறுத்த ஒருவரின் முடிவில் பிறந்தது. அந்தச் சபையின் பிள்ளைகள் இன்று வரன் பார்க்கும்போதும், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும்போதும், சபை மன்றத் தேர்தலில் ஓட்டுக் கேட்கும்போதும் சாதி பார்த்தால், தம் பிறப்பையே மறுதலிக்கிறார்கள். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை மறுக்கப்படுவதை எதிர்த்து நாம் நியாயமாகவே குரல் கொடுக்கிறோம். அதே நியாயத்தைச் சபைக்குள்ளும் நடத்திக் காட்டினால்தான் அந்தக் குரலுக்கு வலு.

இந்த வாதத்துக்கு எழும் மறுப்புகளைப் பார்ப்போம். சபையின் வேலை ஆத்தும மீட்பு, கூலியும் கடனும் சங்கங்களின் வேலை என்பது முதல் மறுப்பு. இதைச் சொல்கிறவர்களின் கவலை உண்மையானது. நற்செய்தி இல்லாத சேவை சபையை ஒரு தொண்டு நிறுவனமாக்கிவிடும். நானும் வார்த்தையையும் சாக்கிரமெந்துகளையும் பின்னுக்குத் தள்ளச் சொல்லவில்லை. செயல் மீட்பைச் சம்பாதிக்காது என்பதில் லுத்தரைவிட உறுதியானவர் யார்? அதே லுத்தர்தான், மீட்பைச் சம்பாதிக்க வேண்டிய பாரம் நீங்கியதாலேயே கிறிஸ்தவன் அயலானுக்காக விடுதலையோடு உழைக்க முடியும் என்றார். கிருபை காலியாக்கி வைத்த நம் கைகளை எங்கே நீட்டுவது என்பதே இன்றைய கேள்வி. மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் விஷச் சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. விதவையானவர்களுக்கும் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் ஆத்துமா மட்டும்தான் இருக்கிறது என்று எந்த ஆயர் சொல்வார்?

இரண்டாவது மறுப்பு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. இந்தக் கரையில் பாத்தியிலும் படகிலும் உழைப்போரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர்; அவர்களிடம் போனால் மதம் மாற்ற வந்தவர்கள் என்ற சந்தேகம் எழும், ஆகவே நம் மதிலுக்குள் இருப்போம் என்கிறார்கள். சந்தேகத்துக்கு மருந்து மறைந்து வாழ்வது அல்ல, வெளிப்படையாக வாழ்வது. கூலி கொடுத்துக் கூட்டம் சேர்ப்பதும் உதவிக்கு விலையாக ஞானஸ்நானம் கேட்பதும் சுவிசேஷத்துக்கே விரோதம். நிபந்தனையில்லாமல் செய்த சேவைக்கு இந்தக் கரையில் முன்மாதிரி உண்டு. டென்மார்க்கிலிருந்து மிஷனரியாக வந்த ஆன் மரீ பீட்டர்சன், ஆளும் வெள்ளையரோடு ஒட்டிக்கொண்ட மிஷன் போக்கை ஏற்க முடியாமல் தம்மை அனுப்பிய மிஷன் சங்கத்திலிருந்து விலகினார். பரங்கிப்பேட்டையில் அவர் தொடங்கிய சேவா மந்திர் பெண்கள் பள்ளிக்கு 1921இல் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். மிஷனரி வட்டாரத்தில் அவருக்கு எதிர்ப்பு இருந்தது. ஆனால் தம் கிறிஸ்தவ விசுவாசத்தை மறைக்காமலே ஊராரின் நம்பிக்கையைப் பெற முடியும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

மூன்றாவது, பெந்தெகொஸ்தே சபைகள் வளர்கின்றனவே, அவர்கள் வழியைப் பின்பற்றினால் என்ன என்ற கேள்வி. அவர்களிடம் கற்க வேண்டியது இருக்கிறது. அது ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் அல்ல. நோயாளியின் வீட்டுக்கு இரவு பத்து மணிக்கும் போகிறார்கள், கூலிக்காரரைப் பேர் சொல்லி அழைத்து ஜெபிக்கிறார்கள், பெண்களைச் சாட்சி சொல்ல வைக்கிறார்கள். தொழிலாளியின் வீட்டுக்குள் போகிறார்கள் என்பதுதான் வளர்ச்சியின் காரணம். என் வாதத்துக்கு அது ஆதரவே. நான்காவது மறுப்பு பணம். சிறிய சபை, ஏழைச் சபை, என்ன செய்ய முடியும்? முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் வெளியேற்றப்பட்டார்கள், வந்துகொண்டிருந்த பணம் நின்றது, ஸ்வீடன் சபையார் பொறுப்பைத் தாங்கிப் பிடித்தார்கள். அந்த நெருக்கடியின் முடிவில்தான், 1919 ஜனவரி 14 அன்று, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சியுள்ள திருச்சபையாக உருவானது. மிஷன் பணம் வற்றிய காலத்தில் திருச்சபை பிறந்தது என்ற உண்மை இந்த மறுப்புக்குப் போதுமான பதில். அதே நேரம், ஏட்டில் விதி எழுதினால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. லைஸ்னிக்கிலேயே நகரமன்றம் சொத்தைப் பெட்டிக்கு ஒப்படைக்க மறுத்து இழுத்தடித்தது. அதிகாரத்தில் இருப்பவர் சாவியைப் பகிர மனம் வைக்காவிட்டால் எந்தத் திட்டமும் காகிதத்தோடு நிற்கும்.

ஆகவே நான் கேட்பவை பெரிய திட்டங்கள் அல்ல. உப்பு வாரும் மாதங்களில் ஞாயிறு மாலை ஓர் ஆராதனை வையுங்கள். திருவிருந்தும் அதில் இருக்கட்டும். பொது ஜெபத்தில் பாத்தியும் படகும் பேர் சொல்லி வரட்டும். அறுப்பின் பண்டிகையில் நெல்லும் வாழைத்தாரும் படைக்கும் இடத்தில் ஒரு கூடை உப்பும் வரட்டும். தை முதல் புரட்டாசி வரை காணிக்கையில் ஒரு பங்கை மழைக்காலப் பெட்டியில் சேருங்கள். ஐப்பசியில் கடனுக்கு அலையும் குடும்பம் எந்த மதமானாலும் அதிலிருந்து வட்டியில்லாமல் வாங்கித் திருப்பித் தரட்டும். அதற்கு மூன்று சாவி போடுங்கள். ஒன்று உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் இருக்கட்டும். அரசு நிவாரணத்துக்கு மனு எழுதவும் நல வாரியத்தில் பதியவும் வாலிபர் சங்கம் உதவட்டும். மழை மாதங்களில் கையில் நேரம் இருக்கும் தொழிலாளருக்கு வேதபாடமும் ஞானோபதேசமும் கற்பித்து, அவர்களிலிருந்தே புதிய உபதேசியார்களை எழுப்புங்கள். கல்லறையிலும் பந்தியிலும் மன்றத்திலும் சாதியின் கோடு எங்கே இருக்கிறது என்று சபைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசி அழியுங்கள். இவற்றில் எதற்கும் வெளிநாட்டுப் பணம் வேண்டாம், பேராயர் அலுவலகத்தின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

சபையாரே, எழுப்புதல் கூட்டம் வேண்டுமானால் நடத்துங்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும் சபை மன்றமே, அதே மேசையில் மாலை ஆராதனைக்கும் மழைக்காலப் பெட்டிக்கும் தேதி குறிக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இராசநாயக்கனின் கையைத் தள்ளிய சபையும் நம் சபைதான். பட்டாம்பாக்கத்தில் துணிந்து புதிதாய்த் தொடங்கிய சபையும் நம் சபைதான். இரண்டில் எதன் வாரிசாக இருக்கப் போகிறோம் என்பதை வரும் மழைக்காலத்துக்குள் முடிவு செய்யுங்கள்.